விலைக்கு முன்னால் பெட்டி வருகிறதா?

கேள்வி: ஒரு மளிகைக் கடைக்கு ஆண்ட்ராய்டு ஆப் செய்திருக்கிறேன். ₹ குறி என் போனில் சரியாக வருகிறது, சிலருடைய பழைய போனில் வெறும் பெட்டிதான் தெரிகிறது. சர்வரிலிருந்து வரும் விலைகளில் எல்லாருக்குமே கன்னாபின்னா எழுத்து. போதாததற்கு 'அரிசி & பருப்பு, 10% தள்ளுபடி' என்ற வரியைச் சேர்த்தால் பில்டே ஆகவில்லை. ஃபான்டை மாற்றினால் எல்லாம் சரியாகுமா?

பதில்: ஆகாது. பெட்டிக்கு மட்டும்தான் ஃபான்ட் காரணம், மற்ற இரண்டும் வேறு இடத்துக் கோளாறு. திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பார்த்தாலே எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில் பெட்டி. எழுத்து ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது, வரைந்து காட்டத்தான் போனில் உருவம் இல்லை. ₹ குறியை இந்திய அரசு ஏற்றதே 2010 ஜூலையில்தான், அதே ஆண்டு அக்டோபரில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலின் 6.0 பதிப்பில் இடம்பிடித்தது, ஆகவே ரொம்பப் பழைய போன்களின் ஃபான்டில் அது இல்லாததில் ஆச்சரியமில்லை. ₹ உள்ள ஒரு ஃபான்டை ஆப்புடனேயே சேர்த்துவிடுங்கள். அது வேண்டாமென்றால், ஆண்ட்ராய்டு 6 முதல், எழுத்தைத் திரையில் வரையும் பெயின்ட் கிளாஸில் 'ஹேஸ்கிளிஃப்' என்றொரு மெதட் இருக்கிறது, குறி உண்டா என்று அதைக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் பேசாமல் 'ரூ.' போட்டுவிடலாம். அதற்கும் பழைய போன் என்றால் நேராக 'ரூ.'தான். தமிழுக்கென்றே ௹ என்ற ரூபாய்க் குறியும் யூனிகோடில் உண்டு, ஆனால் ஆசைப்பட்டு அதைப் போடாதீர்கள், பில்லைப் பார்ப்பவர் முழிப்பார்.

அடுத்தது சர்வர் விலை. அந்தக் கன்னாபின்னா எழுத்து, தலையில் தொப்பி வைத்த சின்ன ஆங்கில ஏ, சில சமயம் கமா மாதிரி ஒன்று, கடைசியில் மேலே பொடியாக ஒரு 1 என்று இருக்கிறதா? எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ₹ குறி 3 பைட். அந்த மூன்றையும் யாரோ தனித்தனி எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஆப் சர்வரிடம் தகவல் கேட்கப் பயன்படும் வாலி லைப்ரரியின் ஸ்ட்ரிங் ரெக்வெஸ்ட் இதைத்தான் செய்யும், பதிலின் ஹெடரில் சார்செட், அதாவது எந்த முறையில் எழுதியது என்பதை, சொல்லாவிட்டால் ஓர் எழுத்துக்கு ஒரே பைட் உள்ள லத்தீன்-1 என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். சர்வரில் 'கன்டென்ட் டைப்' ஹெடரோடு யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் வேலை முடிந்தது. ஆப்பில் உட்கார்ந்து அந்த மூன்று எழுத்தைத் தேடி ₹ ஆக மாற்றும் கோடு எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம், நாளைக்கு ½ கிலோ வந்தால் மறுபடி அழ வேண்டியிருக்கும்.

குறி இருந்த இடத்தில் சாதாரண கேள்விக்குறி மட்டும் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் டேட்டாபேஸில் சேமிக்கும்போதே அசல் எழுத்து போய்விட்டது என்று அர்த்தம், டேபிளைச் சரிசெய்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். ₹ நுழைந்துவிடும், 4 பைட் உள்ள ஸ்மைலி நுழையாது. 4 பைட்டும் தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4' போட்டுவிடுங்கள்.

சரி, பில்ட் விஷயம். ஆப்பில் தெரியும் வரிகளை வைக்கும் ஸ்ட்ரிங் ஃபைல் எக்ஸ்எம்எல் வடிவில் இருப்பது, அதில் இந்தக் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு என்பதால் & குறியை அப்படியே எழுதக் கூடாது, &#38; என்று எழுத வேண்டும், < வந்தால் &#60;. ₹ குறியை நேரடியாகவே அடிக்கலாம், கீபோர்டில் இல்லையென்றால் &#8377;. ஒற்றை மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ், அதாவது \'. அப்புறம் அந்த 10%. தள்ளுபடி எண்ணை வெளியிலிருந்து நிரப்புகிற வரியாக இருந்தால் %% என்று இரண்டாக எழுதுங்கள், ஒற்றையாக விட்டால் பில்ட் ஆகிவிட்டாலும் அந்தத் திரையைத் திறக்கும்போது ஆப் கிராஷ் ஆகலாம். எதையும் நிரப்பாத வரியில் ஒற்றை % போதும், அங்கே இரண்டு போட்டால் வாடிக்கையாளருக்கும் இரண்டாகத்தான் தெரியும்.