பிசிஆர் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: பயோடெக் படித்த நண்பர்கள் இருவர். ராணிப்பேட்டை டேனரிகளுக்கு, தோலில் முடி நீக்கும் என்சைம் தயாரிக்க ஆசை. கையில் 8 லட்சம். பழைய பிசிஆர் மெஷினும் எல்லா அனுமதியும் சேர்த்து 5 லட்சம் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதல் வருடம் அந்த மெஷினே உங்களுக்குத் தேவைப்படாது. டி.என்.ஏ.வைச் சுட வைத்து, ஆற வைத்து நகலெடுக்கும் பெட்டி அது. சின்னதாகப் புதுசே ஒரு லட்சத்துக்குள் கிடைக்கிறது. பாக்டீரியாவில் வைத்து என்சைமை உண்டாக்க வேண்டிய ஜீனையோ இப்போது ஆர்டர் கொடுத்தே வாங்கலாம். 2000 வாக்கில் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்துக்குப் பல டாலர் ஆனது, இன்று 10 சென்ட்டை ஒட்டி வந்துவிட்டது. உங்களுக்கு வேண்டிய புரோட்டியேஸ் (புரதத்தை அரிக்கும் என்சைம்) ஜீன் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துதான்; கணக்கு நீங்களே போடுங்கள். பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வில் பொருத்தி, காய்ந்த நிலையில் அனுப்புவார்கள். வேலூர் வெயிலில் கெடாது. கெடுவது, ஜீனோடு சேர்த்து வாங்கும் ஆய்வக என்சைம்கள். மே மாதம் சனி ஞாயிறு கூரியர் ஆபீசில் கிடந்தால் குப்பைதான். அதனால் சென்னையிலிருந்து திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். மைனஸ் 20 ஃப்ரீசருக்கும் இன்வெர்ட்டருக்கும் காசை வையுங்கள்.

அடுத்து அனுமதி. 1989 விதிகளின்படி ஜீன் மாற்றும் வேலைக்கு, அது நடக்கும் நிறுவனத்திலேயே உயிரிப் பாதுகாப்புக் குழு வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவர் அதில் இருப்பார். இதை எந்தப் புரோக்கரும் வாங்கித் தர முடியாது. அவர் தருவது அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அப்படிப்பட்ட கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து, "சார், இது செல்லுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. வி.ஐ.டி. போன்ற இடத்து இன்குபேட்டரில் (புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடம் தரும் மையம்) மேசை கேளுங்கள், அங்குள்ள குழு வழியாகப் போக முடியுமா என்றும் விசாரியுங்கள். பயோடெக் தொழிலுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் 'பிக்' மானியம் 50 லட்சம் வரை உண்டு, ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

"ஜீனைத் தொடாமல், டேனரி மண்ணில் இருக்கும் பாக்டீரியாவையே வளர்த்தால்?" என்று கேட்பீர்கள். தீங்கற்ற இயற்கை பாக்டீரியா என்றால் ஜீன் மாற்றத்துக்கான அந்த அனுமதி வேண்டாம். தீங்கற்றதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. நோய் பரப்பும் கிருமி என்றால் அதே விதிகள் பிடிக்கும். அது தீர்ந்தாலும், மண்ணிலிருந்து எடுத்ததை வைத்து வியாபாரம் செய்வதால் 2002-ம் வருடப் பல்லுயிர்ச் சட்டம் வந்து நிற்கும். மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரண்டு பேர் எத்தனை மேசைக்குத்தான் அலைவது? ஒரே ஜன்னல் என்று பேசுகிறவர்கள் ஒருநாள் இந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

சரி, காசு எங்கே போக வேண்டும்? தோலில் சோதித்துப் பார்ப்பதற்கு. பச்சைத் தோலை முதுகோடு இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சுண்ணாம்பும் சல்பைடும், மறுபாதிக்கு உங்கள் என்சைம். முடி போனால் மட்டும் போதாது, கிரெயின், அதாவது தோலின் மேற்பரப்பு, அரித்திருக்கிறதா என்று பாருங்கள். அரித்திருந்தால் டேனரிக்காரர் இரண்டாம் தடவை கேட்டைத் திறக்க மாட்டார்.