வீட்டின் முன்னுள்ள சாலையை மறுகட்டமைக்கும் செலவில் உரிமையாளரின் பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வீடு வாங்கியுள்ள உங்கள் தம்பிக்கு, தெருவை மறுகட்டமைக்கும் செலவில் ஒரு பங்கைக் கட்டும்படி நகராட்சிக் கடிதம் வந்திருக்கிறது. அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது, பெங்களூரிலும் இப்படி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் வசிக்கும் சொத்து மதிப்பீட்டாளன். என் மகளும் அதே மாநிலத்தில் சொந்த வீட்டில் இருப்பதால், இத்தகைய கடிதம் ஒன்றை வரிவரியாகப் படித்து அவளுக்கு விளக்கியிருக்கிறேன்.

கடிதத்தில் பெரிதாகத் தெரிவது திட்டச் செலவுதான். ஆனால் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு செலவு அல்ல, பயன். அம்மாநிலச் சட்டத் தொகுப்பின் 429ஆம் அத்தியாயத்தின்படி விதிக்கப்படும் தொகை, அந்தப் பணியால் அந்தக் குறிப்பிட்ட மனையின் சந்தை மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. இந்தக் கொள்கை பழையது: ஒஹையோவின் நார்வுட் கிராமத்தைப் பற்றிய வழக்கில், அந்த மனைக்கென்று கிடைக்கும் தனிப்பயனைக் கணிசமாக மிஞ்சும் விதிப்பு இழப்பீடு தராமல் சொத்தை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. செயின்ட் பால் நகரம் தெருப் பராமரிப்புக்காக வசூலித்த தொகையை எதிர்த்துத் தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தபோது, அது வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் வருவதே என்று மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. ஆகவே பயன் என்னும் வரம்பு அதற்கும் பொருந்தும் என்றாயிற்று.

அந்த வரம்புக்குள் செலவைப் பங்கிடும் முறையை நகரமே தீர்மானிக்கிறது. மனையின் முகப்பு அகலத்தை அடிக்கணக்கில் அளப்பது ஒரு முறை. ஒரு மனைக்கு ஒரு பங்கு என்று வைப்பது மற்றொன்று. பரப்பளவை வைத்துக் கணக்கிடுவதும் உண்டு. நம் ஊர் முப்பதுக்கு நாற்பது சைட்டுகள் வரிசையாக நிற்கும் லேஅவுட்டில் எந்த முறையைப் பின்பற்றினாலும் தொகை ஏறத்தாழ ஒன்றாகவே வரும். அல்சூரின் பழைய தெருக்களில், முகப்பு குறுகிப் பின்னால் நீண்டு செல்லும் வீட்டுக்கு முகப்புக் கணக்கு சாதகம், பரப்பளவுக் கணக்கு பாதகம். அதிகத் தகராறு வருவது மூலை மனைக்குத்தான்: இரண்டு தெருவிலும் முகப்பு இருப்பதால், இரண்டு தெருக்களும் வெவ்வேறு ஆண்டுகளில் மறுகட்டமைக்கப்படும்போது இரண்டு முறை கட்ட நேரலாம். பல நகரங்கள் குறுகிய பக்கத்தை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. தம்பியுடையது மூலை மனையானால், அந்நகரின் எழுத்துபூர்வமான கொள்கையை முதலில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

செலவில் குறைந்தது 20 சதவீதத்தை உரிமையாளர்கள்மீது விதித்தால், பொதுவாக்கெடுப்பு இல்லாமலேயே நகரம் அந்தப் பணிக்குக் கடன்பத்திரம் வெளியிடலாம். அந்தச் சதவீதத்தை ஒட்டியே பல நகரங்கள் விதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொகையை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை. சொத்து வரியுடன் சேர்த்து வட்டியோடு ஆண்டுத் தவணைகளாகக் கட்டலாம். விதிப்பை ஏற்கும் நகர மன்றத் தீர்மானம் நிறைவேறிய 30 நாட்களுக்குள் முழுவதையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது.

தம்பி தவறவிடக் கூடாதது ஒன்று உண்டு. விதிப்பைப் பற்றிய விசாரணைக் கூட்டத்துக்கு முன்போ, அந்தக் கூட்டத்திலோ, கையொப்பமிட்ட எழுத்துபூர்வ ஆட்சேபணையைக் கொடுத்தாக வேண்டும். எழுந்து நின்று பேசினால் மட்டும் போதாது. அதைக் கொடுத்தவருக்குத்தான், தீர்மானம் நிறைவேறிய 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழி திறந்திருக்கும். நீதிமன்றத்தில் நகரத்தின் கணக்கு சரியென்றே முதலில் கொள்ளப்படும். அதை அசைக்க, பணிக்கு முன்னும் பின்னும் வீட்டின் மதிப்பு என்ன என்று காட்டும் மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். அறிக்கைக்கும் வழக்குக்கும் ஆகும் செலவு, குறையக்கூடிய தொகையைவிட அதிகமாகிவிட்டால் வழக்கில் பொருளில்லை. அண்டை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்தினால் அது தாங்கக்கூடியதாகும்.

பெங்களூரில் ஒரு தெருவை மறுகட்டமைத்துவிட்டு அதன் செலவை அத்தெரு வீட்டுக்காரர்களுக்குப் பிரித்து அனுப்பும் வழக்கம் இல்லை. குழாய், கம்பிகளுக்கு நடைபாதைக்கு அடியில் இடம் விட்டுக் கட்டும் டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் வந்த ரெசிடென்ஸி ரோடு போன்ற சாலைகளும் அரசுப் பணத்தில்தான் உருவாயின. ஆனால் கருத்து நமக்குப் புதிதன்று: 1976ஆம் ஆண்டின் பெங்களூர் வளர்ச்சி ஆணையச் சட்டம், ஒரு திட்டத்தால் உயரும் நிலமதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மேம்பாட்டு வரியாக விதிக்க இடம் தருகிறது. நடைமுறையில் மக்கள் அறிந்ததோ, கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) வாங்கப் போகும்போது கேட்கப்படும் பெட்டர்மென்ட் சார்ஜ். முன்னும் பின்னும் மதிப்பிட்டு, ஆட்சேபணை கேட்டு, அதன் பிறகு விதிக்கும் ஒழுங்கு அதில் இல்லை.

அந்த ஒழுங்கோடு வந்தால் இங்கும் இத்தகைய விதிப்பை நான் ஆதரிப்பேன். தெரு நன்றானால் மதிப்பு உயர்வது உண்மை, அந்த உயர்வு போய்ச் சேர்வது உரிமையாளருக்கே. ஆனால் புதிதாகப் போட்ட தெருவைக் குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் மறுபடி தோண்டினால், எந்த மதிப்பு உயர்வைக் காட்டிப் பணம் வாங்கினார்களோ அதுவே இல்லாமல் போகும். எனவே டெண்டர்ஷ்யூர் சாலைகளில் செய்ததுபோல் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடைபாதைக்கு அடியில் முன்கூட்டியே இடம் ஒதுக்காத எந்தத் தெருவுக்கும் உரிமையாளரிடம் பங்கு கேட்கக் கூடாது என்பது என் நிலை.