அம்மாவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க நோட்டீஸ் வந்திருக்கிறது: புதிதாகப் பதியலாமா?

கேள்வி: தென்காசியில் தனியாக வசிக்கும் என் தாயார், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மூன்று மாதங்களாகக் கோவையில் என்னுடன் இருக்கிறார். அவர் குடிபெயர்ந்துவிட்டதாக யாரோ பெயரை நீக்கக் கோரும் படிவம் 7 கொடுத்திருப்பதாக ஊர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கோவையில் புதிதாகப் பதிந்துவிடலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். நோட்டீஸ் ஒட்டியதாலேயே பெயர் போய்விடாது; வசிப்பிடம் மாறிவிட்டார் என்று நீக்குவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டே ஆகவேண்டும் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. புதுப் பதிவுக்கான படிவம் 6-இல், வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். தென்காசிப் பட்டியலில் பெயர் இருக்கும்போதே அதில் கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 'எல்லாம் முடித்துத் தருகிறேன்' என்று தாலுகா அலுவலக வாசலில் நிற்பவர் இதைச் சொல்லமாட்டார். இந்தப் படிவங்களுக்குக் கட்டணமே கிடையாது. தாயாரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை அந்த இடைத்தரகரிடம் சொல்லவே வேண்டாம்.

சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிடமாட்டார். அதேபோல், தற்காலிகமாக வெளியூர் சென்றதால் மட்டும் வசிப்பவர் என்ற தகுதியை இழப்பதும் இல்லை. 20-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. உங்கள் தாயார் சிகிச்சைக்கு வந்தவர், திரும்பிப் போகப்போகிறவர். வீட்டைப் பூட்டியிருக்கிறாரே தவிர, காலிசெய்துவிடவில்லை. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, அடுத்த பரிசோதனைத் தேதி எழுதிய சீட்டு, தென்காசி முகவரியுள்ள குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து, விசாரணை நாளுக்கு முன்பே வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுத்தில் பதில் கொடுத்து, கையெழுத்தும் தேதியுமிட்ட ஒப்புகை வாங்குங்கள். நிரந்தரமாகவே உங்களுடன் தங்க முடிவெடுத்தால், அப்போதும் படிவம் 6 அல்ல, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8.

ஆட்சேபித்தவர் யாரென்று கேளுங்கள்; அவர் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். தேர்தல் பிரிவில் இருந்தபோது, ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில், 'குடிபெயர்ந்தார்' என்ற ஒரே காரணத்தோடு கட்டுக்கட்டாக வந்த படிவங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவரை நேரில் அழைக்க அலுவலருக்கு விதியில் அதிகாரமுண்டு. ஆனாலும் நடக்க முடியாத மூதாட்டிக்குத்தான் அழைப்பு போகிறது, இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆட்சேபித்தவரையும் வரவழைக்குமாறு உங்கள் பதிலிலேயே கேளுங்கள்.

நீக்கிவிட்டால் உத்தரவின் நகலைப் பெற்று, 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அவர் உத்தரவிலும் தீர்வு இல்லையென்றால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். தேர்தல் நெருங்கினால் காத்திருக்காதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்தபின், அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் யார் பெயரையும் சேர்க்க முடியாது.