13,983,816 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த எண் டோட்டோ, அதாவது இங்குள்ள லாட்டரி. 1 முதல் 49 வரை உள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க மொத்தம் இத்தனை வழிகள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் புளோக் கீழே கோப்பிக்கடையில் பக்கத்து வீட்டு அங்கிள் சீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னேன். "ஒன்றரைக் கோடியா தம்பி?" என்றார். "இல்ல தாத்தா, பதினாலு மில்லியன்," என்றாள் கூட இருந்த பேத்தி. இரண்டு பேர் சொன்னதும் கிட்டத்தட்டச் சரிதான். எழுதாத ஒரு சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

49 × 48 × 47 × 46 × 45 × 44. இதை 720-ஆல் வகுக்க வேண்டும். ஆறு எண்களை 720 வரிசைகளில் எழுதலாம், எந்த வரிசையில் எழுதினாலும் ஒரே சீட்டுதானே. 720-ஐப் பிரித்தால் வரும் பகா எண்கள் 2, 3, 5 மட்டும். ஆகவே அடிபடுவதும் அவைதான். 47 அப்படியே தப்பிவிடும். 46-இல் இருக்கும் 23, 44-இல் இருக்கும் 11, 49-இல் இருக்கும் இரண்டு 7, எல்லாம் தப்பும். கடைசியில் கிடைப்பது:

2³ × 3 × 7² × 11 × 23 × 47

5 இல்லை, கவனித்தீர்களா? 45-இல் ஒரே ஒரு 5 இருந்தது, அதை 720 தின்றுவிட்டது. இந்தக் காரணிகளைப் பார்த்தாலே எண் பிறந்த இடம் தெரிகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

2014-க்கு முன் டோட்டோவில் 45 எண்கள்தான். அப்போது வழிகள் 8,145,060. அதைப் பிரித்தால் 2² × 3 × 5 × 7 × 11 × 41 × 43. இப்போது இரண்டுக்கும் எத்தனை வகுத்திகள் என்று எண்ணிப் பாருங்கள். அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும். பழையதற்கு 192. புதியதற்கும் 192! நான் இரண்டு முறை சரிபார்த்தேன். வெறும் தற்செயல்தான், ஆனால் அன்று கோப்பி ஆறிப்போனது இதனால்தான்.

வகைப்படுத்தச் சொன்னால், நம் 13,983,816 இரட்டைப்படை, பகு எண். 3 ஒரே ஒரு முறை வருவதால் வர்க்க எண் ஆகாது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 33,294,264. எண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேல். இப்படி அந்தக் கூட்டுத்தொகை எண்ணையே மிஞ்சினால் அது மிகை எண்.

இன்னொன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்குக் கணித ஆர்வலர் கப்ரேகர் 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தார். மகிழ்ச்சி தருவது என்று பொருள். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 39. வகுத்தால் 15 மீதி. ஹர்ஷத் இல்லை.

அங்கிளிடம் இதையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்த 47 தப்பிச்சுதுன்னியே?" என்று கேட்டு அதில் ஒரு கோடு போட்டார்.