கணினி கேள்வி–பதில்: பழைய கணினிக்கு லினக்ஸ் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 6ஆம் தலைமுறை ஐ3; 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. 11 ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். மகளின் படிப்புக்கும் உரக்கடையின் டேலி கணக்குக்கும் இந்த ஒன்றுதான். லினக்ஸ் போடலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கிறார்கள். பென்டிரைவில் நிறுவல் கோப்பை ஏற்றும் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் இந்தச் சோதனையைத் தாண்டலாம். ஆனால் பெரிய அப்டேட்கள் தானாக வராமல் போகலாம். கடைக் கணக்கு உள்ள கணினியில் அந்த வேலை வேண்டாம்.

புதுக் கணினியும் தேவையில்லை; விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) ஒன்று, கூடுதலாக 4 ஜிபி ரேம், இவை போதும். 6ஆம் தலைமுறை போர்டுகளில் சில டிடிஆர்4, சில டிடிஆர்3எல் வகை ரேம் ஏற்பவை. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அதே வகையாக வாங்குங்கள்.

டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதனால் பழைய டிஸ்க்கில் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் என்ற வகையின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைக்கப்போய்த்தான் பலர் கணக்கைத் தொலைக்கிறார்கள்.

டேலி டேட்டாவை முதலில் பென்டிரைவில் நகலெடுங்கள். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸை முழுமையாக அணைக்காமல் வைக்கும் வசதி) டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாது. மின்ட் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) ஏறத்தாழ 3 ஜிபி. இறக்கியதும் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் குறியீடு) சரிபார்த்து, வேறொரு 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸால் ஏற்றுங்கள் (அதில் இருப்பது எல்லாம் அழியும்). பிறகு கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி, எஸ்எஸ்டியை மட்டும் இணையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால், இன்ஸ்டாலர் 'டிஸ்க் முழுவதையும் அழிக்கவா' என்று கேட்கும்போது பயமின்றி ஆம் சொல்லலாம்.

எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறக்க, கணினி தொடங்கும்போது டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9. அசெம்பிள் செய்தது என்றால் ஆசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11. நேரே நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நிறுவும்போது போனால் மறுபடி முதலிலிருந்துதான். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இருக்கட்டும். சாதாரண நிலையில் அது மாறும் இடைவெளியில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

முடிந்ததும் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். டேலி வேண்டும்போது பூட் மெனுவில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பக்கம் இணையத்துக்குப் போகாதீர்கள். ஜிஎஸ்டி தளத்தை மின்ட்டின் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கலாம்.

கேள்வி: 11ஆம் தலைமுறை லேப்டாப். விண்டோஸுடன் சேர்த்து உபுண்டு (லினக்ஸின் இன்னொரு வகை) நிறுவப்போனால், ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி நின்றுவிடுகிறது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டுகிறது.
— கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: டிஸ்க் கெடவில்லை. ஆர்எஸ்டி என்பது டிஸ்க்கைக் கையாளும் இன்டெலின் ஒரு முறை; அதை அணைத்ததும் வரும் புது முறைக்கான டிரைவரை விண்டோஸ் இன்னும் தயாராக வைத்திருக்கவில்லை. பயாஸில் பழையபடி மாற்றி விண்டோஸைத் திறந்து, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இதை விட்டுவிட்டால் உங்கள் கோப்புகளே உங்களுக்குத் திறக்காமல் போகலாம். பிறகு எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் விஎம்டியை (ஆர்எஸ்டிக்கான பயாஸ் அமைப்பு) அணையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து டிரைவரை ஏற்றிக்கொள்ளும். டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ், உபுண்டு இரண்டுக்கும் வழி திறக்கும்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லினக்ஸுக்கு மாறலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: மாற வேண்டாம். பாமினி எழுத்துருவை மின்ட்டிலும் நிறுவிக்கொள்ளலாம், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர்தான் நேரடியாக ஓடாது. லினக்ஸில் ஓடும் வரைகலை மென்பொருளான லிப்ரேஆபிஸ் டிரா அந்தக் கோப்புகளைத் திறந்தாலும் பக்க அமைப்பு குலையும். முகூர்த்த மாதத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருக்க முடியாது. பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்துப் பத்திரிகை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.