பெரியம்மா பதில்கள்: புயல் அடிச்ச ஊருக்கு வீடு கட்டப் போறவங்களுக்கு

லீவு காலம் வந்தாலே படிக்கிற புள்ளையள்ட கேள்விதான் கூட வரும். இந்த முறை எல்லாரும் வீடு கட்டுற கதையோட வந்திரிக்கிறாங்க. சரி, ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

*

கேள்வி: பெரியம்மா, எங்கட பெச்சில கொஞ்சப் பேர் சேர்ந்து இந்த லீவுக்கு பதுளைப் பக்கம் போகப் போறம். டிட்வா புயல்ல உடைஞ்ச வீடுகளத் திரும்பக் கட்டுறதுக்கு உதவி செய்யிற பிளான். ஆனா எங்களுக்கு ஒழுங்கா ஒரு கல்லு வைக்கவும் தெரியாது. அம்மா ஏசுறா, "நீங்க போய் அந்தச் சனத்துக்குக் கரைச்சல்தான் குடுப்பீங்க, பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் அப்பிடியே அனுப்பினா அதுகளுக்குப் பிரயோசனம்" எண்டு. அம்மா சொல்றது சரியா?
*மாணவி, வந்தாறுமூலை*

பதில்: மகள், அம்மா சொல்றது பாதி சரி. மத்தப் பாதிக்கு நான் சொல்றன், அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கம் வந்து போன தொண்டர்மார எங்கட சனம் காணுமெங்கிற அளவுக்குப் பார்த்திரிக்கு. வேனில வருவாங்க, எல்லாருக்கும் ஒரே நிற டீசேர்ட், இறங்கின உடன கேக்கிறது பெயின்ற் எங்க எண்டு. பெயின்ற் அடிச்சா போட்டோ நல்லா வரும், வேற என்ன. இடிஞ்ச சுவருக்குள்ள இருந்து முழுக் கல்லாப் பொறுக்கி எடுத்து, ஒட்டிக் கிடக்கிற சாந்தக் கொத்தி விட்டு, வளவு மூலையில அடுக்கி வைக்கிற வேலைக்கு ஆள் கிடைக்காது. கிணத்துத் துப்பரவு எண்டு சிலர் மோட்டரப் போட்டு திருப்பித் திருப்பி இறைச்சாங்க, அளவுக்கு மிஞ்சி இறைச்சதால கீழ கிடந்த உப்புத் தண்ணி மேல ஏறி, மழைக்குத் தானாத் தெளிஞ்சிருக்க வேண்டிய கிணறும் பிந்திப் போச்சு. நல்ல மனசோடதான் செஞ்சாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ஆனா அந்த வளவுல காலங்காலமா இருந்த கிழவிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா.

வீடுகளும் அப்பிடித்தான். கிழக்கில கடற்கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள திரும்பக் கட்டக்கூடாது எண்டு முதல்ல கோடு கீறினாங்க, தெற்குலயும் மேற்குலயும் அது 100 மீற்றர்தான், ஏன் எண்டு கேட்ட மீன்பிடிச் சனத்துக்கு ஒழுங்கான பதில் வரல்ல. மறுகா அந்தக் கோடு மாறினது, ஆனா அதுக்குள்ள எத்தனையோ குடும்பம் தோணியையும் வலையையும் கடற்கரையில விட்டுட்டு உள்ளுக்குப் போய்ட்டுது. புதுசாக் கட்டின வீடு சிலதுல விறகடுப்புப் புகை போக வழியே இல்லாம குசினிய நடு வீட்டுக்குள்ள வச்சுக் குடுத்தாங்க. சனம் என்ன செஞ்சுது தெரியுமா, வீட்டுக்குப் பின்னால கிடுகால ஒரு பத்தி இறக்கி அதுக்குள்ள சமைச்சுது, உள்ள இருந்த குசினியில நெல்லு மூட்டை.

அதால நீங்க போங்க, கட்டாயம் போங்க, ஆனா போறது ஆருட சொல்லுக்குக் கீழ நிண்டு வேலை செய்யிறதுக்கு எண்டு முதல்லயே முடிவு எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்காரி சொல்லணும், மேசன் சொல்லணும், ஓடாவி சொல்லணும், நீங்க கேக்கணும். பல்கலைக்கழகம் போற புள்ளையளுக்கு இதுதான் கொஞ்சம் கஷ்டம்.

காசுக் கதைக்கும் வாறன். புயல் அடிச்ச ஊருல மேசனுக்கும் வீடு போயிருக்கும், அவருக்கு அந்த நேரம் கிடைக்கிற ஒரே வருமானம் மத்தவங்கட வீடு கட்டுற கூலிதான். நீங்க ஒரு பஸ் ஆள் போய் ஓசியில கல்லு வச்சா அந்த மனிசன்ட சோத்துல மண். வச்ச சுவரும் கோணலா இரிக்கும், அது வேற. அம்மா சொன்ன காச சேர்த்து அந்த ஊர் மேசனையே கூலிக்குப் பிடிச்சுக் குடுங்க, நீங்க அவருக்குக் கையாளா நில்லுங்க: மண் அரிக்க, சாந்து குழைக்க, தாச்சியில தூக்கிக் குடுக்க, கல்லு நனைக்க, கட்டின சுவருக்கு காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்த. கடைசியாச் சொன்னத லேசா நினைக்காதீங்க, தண்ணி ஒழுங்கா ஊத்தாத சீமெந்து வெயிலுக்குக் காஞ்சு வெடிக்கும், அதுக்கு ஆரும் மெனக்கெட மாட்டாங்க. இப்பிடிச் செஞ்சா அம்மாட காசும் போய்ச் சேரும், நீங்களும் போன மாதிரி இரிக்கும்.

பதுளையில இன்னொரு விசயம் இரிக்கு, எங்கட ஊர் மாதிரி இல்ல அது. 2025 நவம்பர் கடைசியில வந்த டிட்வா 600 பேருக்கு மேல கொண்டு போச்சு, மலைநாட்டுச் சாவு அதிகம் மண்சரிவால. அங்க வீட்ட விட நிலம்தான் முதல் பிரச்சினை. சரிவு ஆபத்து இல்ல எண்டு என்.பி.ஆர்.ஓ. (தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்) சொல்லாத இடத்துல நீங்க அழகா ஒரு வீடு கட்டிக் குடுத்துட்டு வந்தா அடுத்த மழைக்கு அந்தக் குடும்பத்த நீங்களே புதைச்ச மாதிரி. தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் இருக்கிற வரிசை வீடு எண்டா நிலம் அந்தச் சனத்தின்ட பேர்லயும் இல்ல, தோட்ட நிர்வாகத்துக்கிட்டயும் கதைக்கணும். இதெல்லாம் ஃபோம், கடிதம், கிராம சேவகர், பிரதேச செயலகம் எண்டு இழுபடுற வேலை, கனக்கக் கடதாசி சிங்களத்துல வரும். உங்கட பெச்சில சிங்களம் நல்லா வாசிச்சு எழுதத் தெரிஞ்ச புள்ள ஒண்டு இருந்தா, அந்தப் புள்ளைய மண்வெட்டி பிடிக்க விடாதீங்க. ஒரு மேசை, ஒரு பேனை, லயத்துல உள்ள எல்லாரும் வந்து ஃபோம் நிரப்பிட்டுப் போகட்டும்.

ஒரு ஊர், முடிஞ்சா ஒரு லயன் வரிசை, அதோட நில்லுங்க. நாளுக்கொரு இடம் ஓடாதீங்க.

*

கேள்வி: எங்கட காக்காட மகன் அமெரிக்காவுல படிக்கக்க ஒரு சமர் லீவு முழுக்க நியூ ஓர்லியன்ஸ்ல கட்ரீனா புயலுக்கு உடைஞ்ச வீடுகளத் திருத்தப் போனவர். இப்பவும் அதப் பத்திப் பெருமையாக் கதைப்பார். எனக்கு விளங்காத விசயம், அவ்வளவு சல்லி உள்ள நாட்டுல படிக்கிற பொடியன்மார் போய்த்தானா வீடு துப்பரவாக்கணும்? அரசாங்கம் என்ன செஞ்சுது?
*வாசகர், மருதமுனை*

பதில்: நல்ல கேள்வி தம்பி. நீங்க 2004ல கடல் வந்து போன ஊர்க்காரர், உங்களுக்கு இது கெதியா விளங்கும்.

கட்ரீனா கரைக்கு வந்தது 2005 ஆகஸ்ட் 29. நியூ ஓர்லியன்ஸ அழிச்சது காத்து மட்டும் இல்ல, கால்வாய்க் கரையில கட்டியிருந்த தடுப்புச் சுவரும் அணைக்கட்டும் உடைஞ்சு நகரத்துல 80 வீதம் தண்ணிக்குள்ள போனது. கடல் மட்டத்துக்குக் கீழ கிடக்கிற இடங்கள் கனக்க இரிக்கு, வந்த தண்ணி தானா வடியாது, பம்ப் போட்டுத்தான் இறைக்கணும், அதுக்குக் கிழமைக் கணக்காச்சு. அந்த வெக்கைக்குள்ள பூட்டிக் கிடந்த வீடு எப்பிடி இரிக்கும் எண்டு நினைச்சுப் பாருங்க. அங்க சுவர் எங்கட மாதிரி கல்லு இல்ல, மரச் சட்டத்துல பிளாஸ்டர் பலகை அடிச்சது, அது தண்ணிய உறிஞ்சி கறுப்புப் பூஞ்சணம் முகட்டு வரைக்கும் ஏறிடும். அதால வந்த தொண்டர்மாருக்குக் கட்டுற வேலை முதல்ல கிடைக்கல்ல, பிரிக்கிற வேலைதான். முகமூடி, கையுறை, அலவாங்கு. பலகைய உடைச்சு, ஊறின பஞ்ச அள்ளி, சட்டம் மட்டும் மிஞ்சிற வரைக்கும் வீட்ட உரிச்செடுத்து ரோட்டோரத்துல குவிக்கிறது. பிரிட்ஜத் திறக்கக் கூடாது, டேப் போட்டுச் சுத்திக் கட்டி அப்பிடியே வெளிய உருட்டணும், திறந்தவன் அண்டைக்குச் சாப்பிட மாட்டான். உங்கட காக்காட மகன்ட பெருமை எல்லாம் இந்த வேலையிலதான் வந்திரிக்கும், கேட்டுப் பாருங்க.

அரசாங்கம் காசு குடுக்காம இல்ல. லூசியானாவில 'ரோட் ஹோம்' எண்டு பெரிய திட்டம் ஒண்டு போட்டாங்க. அதுல கணக்கு என்னெண்டா, புயலுக்கு முந்தி வீட்டுக்கு இருந்த விலை, திருத்திறதுக்கு வாற செலவு, இந்த ரெண்டுல எது குறையோ அதுக்குத் தக்கனதான் காசு. மரமும் ஆணியும் எல்லா இடத்துலயும் ஒரே விலை. ஆனா கறுப்பினச் சனம் இருந்த பகுதிகள்ல வீட்டு விலை குறைவு, அதால ஒரே மாதிரி உடைஞ்ச ரெண்டு வீட்டுல ஒருத்தருக்குத் திருத்தக் காணும், மத்தவருக்குப் பாதியும் இல்ல. வழக்குப் போட்டு 2011ல இணக்கத்துக்கு வந்தாங்க. வழக்கு முடியிற வரைக்கும் மழை நிக்குமா, அந்த இடைவெளிக்குள்ளதான் கிறிஸ்தவ சபைகளும் கெம்பஸ் பொடியன்மாரும் 'ஹபிடாட் போர் ஹியூமனிற்றி' மாதிரி வீடு கட்டிக் குடுக்கிற தொண்டு அமைப்புகளும் போய் வேலை செஞ்சது. வீடு இழந்த இசைக்காரருக்கெண்டு ஹபிடாட்காரர் அங்க ஒரு குடியிருப்பே கட்டினாங்க. இதே அமைப்புத்தான் யுத்தத்துக்குப் பிறகு எங்கட மட்டக்களப்பு மாவட்டத்துலயும் வீடு கட்டினது, அதுல மண்ணையும் கொஞ்சச் சீமெந்தையும் அழுத்தி அரிஞ்ச சுடாத கல்லும் பாவிச்சாங்க. கண்டிருப்பீங்க.

சல்லி உள்ள நாடோ இல்லாத நாடோ, ஆருக்கு எவ்வளவு எண்டு கணக்குப் போடுற மேசையிலதான் ஏழைக்கு அடி விழுகுது. 'அரைவாசிச் சேதம்', 'முழுச் சேதம்' எண்டு இஞ்சயும் பிரிச்சு எழுதேக்க எத்தனை பேர் கத்தினவங்க எண்டு உங்களுக்குத் தெரியாதா.

*

கேள்வி: கூரை போன வீட்டுக்குத் திரும்பக் கூரை போடப் போறம். உதவிக்கு வாற பொடியன்மார் தகரம் எண்டா கெதியா அடிச்சுத் தாறம் எண்டுறாங்க. தகரம் காத்துக்கு நிக்குமா, ஓடு நல்லமா?
*குடும்பத் தலைவி, திருக்கோவில்*

பதில்: தங்கச்சி, எதப் போட்டாலும் கட்டு இல்லாட்டிப் போயிடும். புயல் காத்து கூரைய மேல இருந்து அமத்திறதில்ல, மேலால போகக்க உறிஞ்சித் தூக்குது. ஜன்னலோ கதவோ உடைஞ்சா உள்ள பூந்த காத்தும் சேர்ந்து கீழ இருந்து தள்ளும். ஓரமும் மூலையும்தான் முதல்ல கிளம்பும். அதால சுவருக்கு மேல சுத்திவரக் கம்பி போட்டு ஒரு கொங்கிறீற் பெல்ட் கட்டாயம், அதுக்குள்ள இருந்து கம்பிய மேல விட்டு மரத்தப் பிடிக்கணும், கைமரம் ஒவ்வொண்டையும் இரும்புப் பட்டியால கட்டணும், வெறும் ஆணிய நம்பாதீங்க. தகரத்துக்கு ரப்பர் வாசர் போட்ட ஸ்குரூ, நடுவுல ஐதா அடிச்சாலும் ஓரத்துல நெருக்கமா அடிக்கணும். நாலு பக்கமும் சரிவான கூரை ரெண்டு பக்கச் சரிவ விட நல்லா நிக்கும், செலவு கொஞ்சம் கூட. தாழ்வாரம் ஒண்டரை அடிக்கு மேல நீட்டாதீங்க. விறாந்தைக்குக் கூரை தனியா இருக்கட்டும், போறதெண்டா அது மட்டும் போகும்.

உதவிக்கு வாற பொடியன்மாரக் கூரையில ஏத்தாதீங்க. அது ஓடாவிட வேலை, அவங்க கீழ நிண்டு எடுத்துக் குடுக்கட்டும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் உடைஞ்சு கிடந்தா சுத்தியலால நொறுக்க விட வேணாம், அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கூடாது. தண்ணி தெளிச்சு, முகமூடி போட்டு, முழுசு முழுசாத் தூக்கிக் குடுக்கச் சொல்லுங்க.

*

கேள்வி: எங்கட பெத்தப்பா எந்தப் புயலச் சொன்னாலும் "எழுபத்தெட்டு மாதிரி வருமா" எண்டுறார். அது அவ்வளவு பெரிசா?
*மாணவன், களுவாஞ்சிக்குடி*

பதில்: பெரிசுதான் மனே. 1978 நவம்பர் 23 ராவு அடிச்சது, மட்டக்களப்பு அம்பாறை ரெண்டையும் புரட்டிப் போட்டுட்டு, சேதப்பட்ட வீடு மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல எண்டு கணக்கு. மாவட்டத்துத் தென்னந்தோட்டம் படுத்துட்டுது, புதுசா வச்ச தென்னம்பிள்ளை காய்க்கிற வரைக்கும் எத்தின வருசம் எண்டு தேங்காய்க்காரரக் கேளுங்க. ஆனா போட்டி வைக்காதீங்க. அது காத்தால அழிச்சது, டிட்வா மழையாலயும் மண்ணாலயும். பெத்தப்பாட்ட அந்த ராவு எங்க ஒதுங்கினவர், விடிஞ்ச பிறகு ஆரு வந்து உதவினவங்க எண்டு கேட்டு எழுதி வைங்க.

*

கேள்வி: வேலை செய்யப் போற வீட்டுல சாப்பாடு தந்தாச் சாப்பிடலாமா? அவங்களுக்கே இல்லாத நேரம் கூச்சமா இரிக்கு.
*தொண்டர், காரைதீவு*

பதில்: தேத்தண்ணி தந்தா கட்டாயம் குடிங்க, வேணாம் எண்டா அவங்களுக்கு மனசு நோகும். சோறு எண்டா அரிசி பருப்ப முதல் நாளே கொண்டு போய்க் குடுத்துட்டு அவங்களோட சேர்ந்து சமைச்சுச் சாப்பிடுங்க. மத்தப்படி போறதுக்கு முந்தி ஏற்பு ஊசி போடுங்க, துருப்பிடிச்ச ஆணி கால்ல ஏறாம ஒருத்தரும் திரும்பி வாறதில்ல. செருப்போட போகாதீங்க, அடி தடிச்ச சப்பாத்து வேணும். வெள்ளம் நிண்ட இடம் எண்டா எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கிற குளிசை பத்தி உங்கட ஏரியா பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்க, வேலை முடிஞ்சு வந்த பிறகு காய்ச்சல் வந்தா வெள்ளத்துக்குள்ள நிண்டனான் எண்டு டொக்டருக்கு மறக்காமச் சொல்லணும்.