அருவா இல்லாத திருநெல்வேலிக்காரன்

பாளையங்கோட்டையில் பிறந்தவர். சென்னையில் 14 ஆண்டுகள் துணை நடிகர். இப்போது ஊர் திரும்பி, தானே எழுதி நடித்து யூடியூபில் வெப் சீரிஸ் எடுக்கிறார். தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று மறைக்காமல் சொல்லிக்கொள்பவர். வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள் இந்த வாரம்.

நடிக்கணும்ங்கிற ஆசை எப்போ வந்தது?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

எங்க ஆச்சி ஊர் சேரன்மகாதேவி பக்கம். சுடலைமாடன் கொடைக்கு வருஷா வருஷம் கணியான் கூத்து வைப்பாங்க. அண்ணாவி பாட, மகுடம்னு சொல்ற பறை ரெண்டும் அதிர, சேலை கட்டின ரெண்டு ஆம்பிளைங்க விடிய விடிய ஆடுவாங்க. எனக்கு ஒன்பது வயசு. நடுச்சாமத்துல ஒண்ணுக்குப் போக எழுந்து பம்புசெட் பக்கம் போனேன். ஆடினவர்ல ஒருத்தர் சலங்கையை அவிழ்க்காம, சேலையை முழங்காலுக்கு மேல சுருட்டிக்கிட்டு, சுக்குக்காப்பியை ஊதி ஊதிக் குடிச்சிட்டு நின்னார். "ஏல, பயந்துட்டியா?"ன்னார். கட்டைக்குரல். பயமெல்லாம் இல்லை, பார்த்துக்கிட்டே நின்னேன்.

காலையில அவரே வேட்டி சட்டையில பஸ்ஸுக்கு நின்னார். டீக்கடையில ஒருத்தன் அவர் நடையை நடந்து காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நடிப்பு எப்போ வந்ததுன்னு கேட்டா அந்தக் காலையைத்தான் சொல்லணும். என் முதல் நடிப்பு அந்தச் சிரிப்பு.

சினிமாவில் உங்களை ஒரே மாதிரி வேடத்தில்தானே பார்த்தோம்?
— வாசகி, தென்காசி

எட்டுப் படம். எட்டுலயும் 'அந்த மாதிரி கேரக்டர்'. மேனேஜர் போன்லயே அப்படித்தான் சொல்வார்: "அண்ணே, அந்த மாதிரி கேரக்டர் ஒண்ணு இருக்கு, ரெண்டு நாள் வேலை." நான் இடுப்பை ஆட்டணும், ஹீரோ கன்னத்துல ஒண்ணு வைப்பார், தியேட்டர் சிரிக்கும், பேட்டாவை வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். அஞ்சாவது படத்துல ஆட்டத்தைக் கொஞ்சம் குறைச்சேன். டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து வந்து, "சார், நீங்க நார்மலா இருந்தா ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"னார். வாஸ்தவம்தான். நான் ஊர்ல இருபது வருஷம் நார்மலா இருந்தேன், ஒருத்தருக்கும் தெரியலையே!

அந்தப் படத்தை அம்மா மைனியோட போய்ப் பார்த்தா. இடைவேளையிலயே எழுந்து வந்துட்டாளாம். ராத்திரி போன்ல ஒண்ணுதான் கேட்டா: "அந்த அடி நெசமாவே அடிச்சானாய்யா?" இல்லம்மான்னேன். கன்னம் ரெண்டு நாள் வீங்கிக் கிடந்தது.

சீரிஸ் எடுக்கப் பணத்துக்கு என்ன செய்தீர்கள்?
— வாசகர், நாங்குநேரி

சீட்டு எடுத்த பணம் 1,80,000. மைனி வளையலை அடகு வச்சுக் கொடுத்தது 60,000. அஞ்சு எபிசோடு, 11 நாள் ஷூட்டிங். கேமரா வாடகையைவிடச் சாப்பாட்டுச் செலவு கூட. முதல் எபிசோடைக் குறுக்குத்துறைப் படித்துறையில எடுத்தோம். ஆத்துச் சத்தமும் துணி துவைக்கிற சத்தமும் சேர்ந்து ஒரு வார்த்தை விளங்கலை. டப்பிங் தியேட்டருக்குக் காசில்லை. எங்க வீட்டு பீரோவைத் திறந்து, அம்மா சேலைக்கு நடுவுல தலையை விட்டு ஆளாளுக்கு வசனம் பேசினோம். உண்மையா சொல்றேன், அருமையான சவுண்ட்.

ஆரம்பிக்கும்போது யூனிட்டுக்கு ஒரு தொடரைப் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவுல ஜென் ரிச்சர்ட்ஸ்னு ஒரு திருநங்கை நடிகை, லாரா ஜாக்கோட சேர்ந்து எழுதித் தானே நடிச்ச 'ஹெர் ஸ்டோரி'. 2016-ல யூடியூப்ல ஆறே எபிசோடு வந்தது, எம்மி விருதுப் பரிந்துரை வரைக்கும் போனது. பார்த்து முடிச்சதும் கேமராத் தம்பி, "இதுல சண்டையே இல்லையேண்ணே"ன்னான்.

வருமானம்? யூடியூப்ல விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர் வேணும், 12 மாசத்துக்குள்ள 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். ஆயிரம் பேர் மளமளன்னு சேர்ந்துட்டாங்க. மணிக்கணக்குதான் இழுத்துது, ரெண்டாவது சீசன் வந்த பிறகுதான் தேறுச்சு. வளையலை இன்னும் திருப்பலை. மைனி கேக்கலை. நான்தான் அவங்க கையைப் பார்க்காம பேசிக்கிட்டு இருக்கேன்.

திருநங்கை வேடத்தில் ஆண் நடிகர் நடித்தால் என்ன தப்பு?
— வாசகர், மேலப்பாளையம்

திருநங்கைகளுக்கு மத்த வேஷமும் கிடைக்கிற காலம் வரட்டும், அப்புறம் பேசுவோம். திருநங்கை நடிகை நேகா நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளை. 'அந்தரம்' மலையாளப் படத்துல நடிச்சதுக்கு 2022-ல அந்தப் பிள்ளைக்கு அரசு திரைப்பட விருது கொடுத்தது கேரளா.

அல்வா எந்தக் கடையில் வாங்குவீர்கள்?
— வாசகி, கோவில்பட்டி

சாயங்காலம் எங்க கூட்டம் நிக்குதோ அங்க நில்லுங்க தாயி. எனக்குச் சர்க்கரை.

எனக்கு 19 வயது. நானும் உங்களைப் போலத்தான். வீட்டில் சொல்லலாமா? டாக்டரிடம் இழுத்துப் போவார்களோ என்று பயம்.
— பெயர், ஊர் வேண்டாம்

தம்பி, அவசரப்படாத. படிப்பு முடியட்டும். மாசச் சம்பளம்னு ஒண்ணு வரட்டும். ராத்திரி பத்து மணிக்குப் பையோட போய் நின்னா கதவைத் திறக்கிற வீடு ஒண்ணு இருக்கட்டும். நான் சொன்னது 29 வயசுல. அப்பவும் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுத்தான் போனாங்க. அவர் கொடுத்த மாத்திரையில நாலு மாசம் ஒரு வரி வசனம் மனசுல நிக்கலை.

உன் காலம் வேற. நம்ம உறவு குற்றமில்லைன்னு 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. 'மாத்திக் காட்டுறேன்'ங்கிற வைத்தியத்தைத் தடுக்கணும்னு 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடுன்னே அறிவிச்சுட்டு. எந்த டாக்டர் முன்னால உக்கார வச்சாலும் இதை அவர்கிட்டயே சொல்லு. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

உங்கள் சீரிஸில் திருநெல்வேலிக்காரர் கையில் அருவாளே இல்லையே!
— வாசகர், வள்ளியூர்

சினிமாவுல நம்ம பேச்சு வந்தாலே பின்னால ஒரு சுமோ வரும். 'ஏல'ன்னா வெட்டப்போறான்னு அர்த்தமாம். எங்க ஆச்சி என்னை 'ஏல'ன்னது முக்கால்வாசி சோறு தின்னக் கூப்பிட.

எங்க ஹீரோ அருவா வாங்கலை, பத்தமடைக்குப் பாய் வாங்கப் போறான். பத்தமடையில கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரைக் கோரையிலயே நெய்து கொடுப்பாங்க, தெரியும்லா? அந்தக் காட்சியில நெஜமாவே பாய் நெய்யுற ஒரு அம்மாவை நடிக்க வச்சோம். கதையை முழுசாச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ரெண்டு ஆம்பிளைப் பேரைக் கேட்டதும் அவங்க கை நிக்கணும், அவனை நிமிர்ந்து பார்க்கணும், "இது யாருய்யா?"ன்னு கேக்கணும். நான் எழுதினது அது.

டேக்குல அவன் பேரு ரெண்டையும் சொன்னான். அந்தம்மா கையும் நிக்கலை, நிமிரவும் இல்லை. "எந்தப் பேரு முதல்ல வரணும்?"ன்னாங்க. ஹீரோகிட்ட அதுக்கு வசனம் இல்லை, முழிச்சான். சீரிஸ்ல நீங்க பார்த்தது அந்த முழிதான்.